விமானத்தில் ஒரு மணி நேரம்... வீட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை மணி?

"ஏண்டி, கைப்புள்ளைய வச்சுக்கிட்டு கடல் தாண்டிப் போறதா? மாத்தூர் வரைக்கும் பஸ்ஸுல போறதுக்கே எனக்குத் தலை சுத்துது. இதுல பிளேனாம்!"

ஆவூரில் என் அக்கா வீட்டுத் திண்ணையில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. அக்காவின் மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

ஆவூர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலை வட்டாரத்தில் இருக்கும் ஊர். வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் என்ற பெருமை உண்டு. 1747-ல் கட்டிய மாதா கோயிலும், ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் பாஸ்கா நாடகமும் தேரும் பிரசித்தம். திருச்சி விமான நிலையம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளை வழியனுப்ப இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் எத்தனையோ தடவை அங்கே போய் வந்திருக்கிறார்கள். அக்காவும் அப்படித்தான். வாசல் கண்ணாடி வரைக்கும் போயிருக்கிறாள். உள்ளே போனதில்லை!

மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண். சுன்னாகம் பக்கம் வீடு. கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் சிங்கப்பூரில். ஏழு மாதப் பெண் குழந்தை. இவளை வளர்த்த அம்மம்மா எண்பதைத் தாண்டியவர். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார்.

"சின்னத்தை, 'பிள்ளையை ஒருக்கா மடியில வச்சுப் பார்க்கவேணும்' எண்டு அம்மம்மா ஒவ்வொரு நாளும் போனில கேக்கிறா. பிறகு போய் என்ன பிரயோசனம்? ஒரு மணித்தியாலப் பயணம்தானே. அவரும் போகச் சொல்லிப்போட்டார்" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரு பக்கம் மாமியாரின் பயம். இன்னொரு பக்கம் மருமகளின் தவிப்பு. இரண்டுமே நியாயம். ஆனால் இரண்டு பேருமே பயணத்தைச் சரியாக அளக்கவில்லை என்று எனக்குப் பட்டது. அக்கா கடலைப் பார்த்து மலைத்தாள். மருமகள் டிக்கெட்டில் போட்டிருந்த "ஒரு மணி நேரம்" என்பதை மட்டும் பார்த்தாள். நான் பழைய நோட்டு ஒன்றும் பென்சிலும் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நோட்டில் போட்ட கணக்கைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். சென்னைக்கோ, பெங்களூருக்கோ, சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

தூரம் எவ்வளவு?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 185 கி.மீ.தான். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு ரோட்டில் போகும் தூரத்தைவிடக் குறைவு! திருச்சியிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 295 கி.மீ., கொழும்பு கட்டுநாயக்காவுக்குச் சுமார் 420 கி.மீ. அவற்றோடு பார்த்தால் யாழ்ப்பாணம் நமக்குப் பக்கத்து வீடு.

வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்கே இறங்கி, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டும். அதுவரை பாதி தூரம் நம் வயல்வெளிகளுக்கு மேலே. மிச்சப் பாதி பாக் கடல். கடலுக்கு மேலே நூறு கிலோமீட்டர்கூட வராது. "இவ்வளவுதானா கடல்?" என்று அக்கா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள். (விமானம் எப்போதும் இந்தக் கோட்டின் மேலேயே போகும் என்பதில்லை. காற்றையும் ஓடுபாதையின் திசையையும் பார்த்துக் கொஞ்சம் வளைத்துப் போவது உண்டு.)

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நேரே போக நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் 1914-லிருந்து 'போட் மெயில்' ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது. ஆகாய வழியும் பழசுதான். ஏர் சிலோன் கம்பெனி 1947 டிசம்பர் 10-ல் விட்ட முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை விமானத் தளம் என்று சொன்னது இதே பலாலியைத்தான். பிறகு யுத்த காலத்தில் எல்லாம் நின்றுபோனது.

2019 அக்டோபர் 17-ல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30-ல் இண்டிகோ கம்பெனி திருச்சியிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துக்குச் சேவை ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் நம் பக்கத்துக்காரர்கள் யாழ்ப்பாணம் போக, ஒன்று சென்னைக்குப் போய் அங்கிருந்து பறக்க வேண்டும். அல்லது கொழும்பில் இறங்கி, வடக்கே நானூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்ப வர வேண்டும். கைக்குழந்தையோடு அது ஒன்றரை நாள் அலைச்சல்.

அப்படியானால் ஏன் ஒரு மணி நேரம்?

மருமகள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "சின்னத்தை, பிளேன் மணிக்கு ஐநூறு கிலோமீட்டர் ஓடுமாமே? 185 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணித்தியாலம்?"

கணக்குப்படி அவள் கேட்டது சரி. இந்தத் தடத்தில் ஓடுவது ஏ.டி.ஆர். என்ற, இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். எழுபத்தெட்டுப் பேர் உட்காரலாம். முழு வேகத்தில் போனால் மணிக்கு 500 கி.மீ. அளவில் போகும். அந்த வேகத்திலேயே போனால் 22 நிமிடத்தில் யாழ்ப்பாணம் வந்துவிட வேண்டும்!

ஆனால் டிக்கெட்டில் போடும் நேரம் வெறும் பறக்கும் நேரம் அல்ல. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்த நிமிடத்திலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும் நிமிடம் வரைக்கும் உள்ள நேரம் அது. மெதுவாக ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அக்கம்பக்கத்து ஊருக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது, ஓடும் நேரத்தைவிட ஸ்டாண்டிலிருந்து வெளியே வர ஆகும் நேரம் அதிகம் அல்லவா? அப்படித்தான்.

அதனால்தான் திருச்சி–சென்னைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் குறைவான திருச்சி–யாழ்ப்பாணத்துக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கிட்டத்து ஊர்களுக்குத் தூரம் குறைந்தாலும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

நான் பட்ட பாடு

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்பு என் பெரியவன் ஐந்து மாதக் குழந்தை. திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன். டிக்கெட்டில் 55 நிமிடம் என்று போட்டிருந்தது. எனக்குப் பால் போதாமல் அவனுக்குப் புட்டிப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். "55 நிமிஷம்தானே, ஒரு புட்டி போதும்" என்று ஒரே ஒரு புட்டிப் பாலும், மாற்ற ஒரே ஒரு துணியும் எடுத்துக்கொண்டேன். பவுடர் டப்பா, ஃபிளாஸ்க், மிச்சத் துணி எல்லாம் பெரிய பெட்டிக்குள். அது சரக்கோடு போய்விட்டது.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம். குழந்தை குடித்து முடித்துவிட்டான். பிறகு துணியையும் நனைத்துவிட்டான். பதற்றத்தில் எனக்கும் பால் இறங்கவில்லை. அவன் அழ, நானும் அழ, ஒரு புண்ணியவதி தன் குழந்தைக்கு வைத்திருந்த பவுடரில் நாலு கரண்டி கொடுத்தாள். அன்று எங்கள் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து மாம்பலத்தில் படி ஏறிய வரைக்கும் ஒன்பது மணி நேரம்! 55 நிமிடத்துக்குத் தயார் செய்துகொண்டு ஒன்பது மணி நேரம் பிரயாணம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

வாசற்படிக் கணக்கு

ஆகவே அக்கா வீட்டு நோட்டில் நான் முதலில் எழுதியது இதுதான். மதியம் ஒன்றரை மணிக்குப் புறப்படும் விமானம் என்று வைத்துக்கொள்வோம்.

காலை 9.15 – ஆவூர் வீட்டு வாசல். வாடகைக் கார்.

10.15 – திருச்சி விமான நிலையம். (முக்கால் மணியில் போய்விடலாம். ரயில்வே கேட், போக்குவரத்து நெரிசலுக்கென்று கால் மணி சேர்த்திருக்கிறேன்.) வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பெட்டி வாங்கும் கவுண்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே, சில கம்பெனிகளில் அதற்கும் முன்பே, மூடிவிடுவார்கள்.

10.30 முதல் 1.30 வரை – பெட்டி போடுதல், பாஸ்போர்ட் பரிசோதனை, பாதுகாப்புச் சோதனை, காத்திருத்தல்.

1.30 முதல் 2.30 வரை – விமானம்.

2.30 முதல் 3.30 வரை – பலாலியில் பாஸ்போர்ட் பரிசோதனை, பெட்டி எடுத்தல், சுங்கம்.

4.15 – சுன்னாகம் வீடு. (யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பலாலியிலிருந்து டவுன் சுமார் 16 கி.மீ.)

ஆக மொத்தம் ஏழு மணி நேரம். அதில் ஆகாயத்தில் ஒரு மணிகூட முழுசாக இல்லை!

"ஏழு மணி நேரமா!" என்று மருமகள் திகைத்தாள். அக்காவோ, "ஏழு மணி நேரம்தானா? வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வர்ற நேரம்ல!" என்றாள். ஒரே கணக்கு. ஒருத்திக்கு எச்சரிக்கை, இன்னொருத்திக்குத் தைரியம்!

கடிகாரத்தை மாற்றும் தொல்லை இல்லை. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். மாத்திரை வேளையும் குழந்தையின் பால் வேளையும் அப்படியே இருக்கும்.

கப்பலில் போகலாமா என்று அக்கா கேட்டாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் கப்பல் விட்டு, கொஞ்ச நாளில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். கடலில் நாலு மணி நேரம் போல ஆகும். ஆனால் திருச்சியிலிருந்து நாகப்பட்டினமே 140 கி.மீ.க்கு மேல். வாசற்படிக் கணக்குப் போட்டால் கைக்குழந்தைக்கு விமானமே சௌகரியம் என்று முடிவாயிற்று. மருமகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், "நானும் வர்றேன்" என்று அக்கா சொன்னது அப்போதுதான்.

ஏழு மணி நேரத்துக்குக் கைப்பை

ஏழு மணிக்குத் தேவையானதோடு, தாமதத்துக்காக இன்னும் நாலு மணிக்குத் தேவையானதைச் சேர்க்க வேண்டும் என்பது என் விதி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை காலத்தில் இரண்டு கரையிலும் மழை. அப்போது இது இன்னும் அவசியம்.

தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை. முன்பக்கம் திறக்கும்படியான ரவிக்கையும் ஒரு பெரிய துப்பட்டாவும் போதும். விமான நிலையத்தில் பால் கொடுக்கும் அறை எங்கே என்று உள்ளே நுழைந்ததுமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்குத் தண்ணீர் முக்கியம். "பாத்ரூம் போகணுமே" என்று குடிக்காமல் இருக்காதீர்கள். பால் குறைந்துவிடும்.

புட்டிப்பால் குழந்தையானால், பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் போடுங்கள். கொதிக்க வைத்த தண்ணீர் ஃபிளாஸ்க்கில். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் திரவப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி இருந்தாலும், குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் பயணத்துக்கு வேண்டிய அளவு விலக்கு உண்டு. சோதனைத் தட்டில் அவற்றைத் தனியே எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஏழு மாதக் குழந்தைக்கு மசித்த இட்லி, வாழைப்பழம் போதும். புதிதாக எந்த ஆகாரத்தையும் பயணத்தன்று ஆரம்பிக்க வேண்டாம். மணிக்கு ஒரு துணி என்று கணக்கு வையுங்கள். குழந்தைக்கு இரண்டு செட் உடுப்பு. தாய்க்கும் மாற்று ரவிக்கை ஒன்று. (குழந்தை கக்கினால் தெரியும்!) விமானத்துக்குள் குளிரும். ஒரு பருத்திப் போர்வை, காதை மூடும் குல்லா. கைப்பை 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

பெட்டியில் எது கூடாது?

அக்கா தன் தோப்புத் தேங்காயைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். கூடவே கொப்பரை, எலுமிச்சை ஊறுகாய், முருங்கைக்காய்! நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.

கொப்பரை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அதிலுள்ள எண்ணெயால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் 2022-லிருந்து தடைப் பட்டியலில் இருக்கிறது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் கூடாது. காய், பழம், விதை, செடி இவற்றை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். பூச்சியும் நோயும் பரவாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. செல்போனுக்குச் சார்ஜ் போடும் பவர்பேங்க்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். கடைசியில் அக்கா முறுக்கும் கடலை மிட்டாயும் செய்துகொண்டு திருப்தியடைந்தாள்.

குழந்தையின் காது

மூன்று நாள் இருக்கும்போது குழந்தைக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வீடே சோர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல!" என்றாள் அக்கா.

இதை அலட்சியம் செய்யக் கூடாது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் கூடும். அந்தக் குழாய் திறந்து வழிவிட்டால்தான் காதின் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். நாம் எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். சளி பிடித்திருந்தால் அடைத்துக்கொள்ளும். வலியில் வீறிட்டு அழும்.

டாக்டரிடம் கொண்டுபோனோம். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, "காதில் ஒன்றுமில்லை, காய்ச்சலும் இல்லை, போகலாம்" என்று சொல்லி, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து மட்டும் எழுதினார். காதில் சீழோ வலியோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள். முக்கியமாக இறங்கும்போது. சக்கரம் தரையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். எஞ்சின் சத்தம் மாறி, "சீட் பெல்ட்டைப் போடுங்கள்" என்று அறிவித்ததுமே ஆரம்பியுங்கள். சின்னப் பயணத்தில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். அதனால் ஏறும்போதே வயிறு முட்டக் கொடுத்துவிடாமல், இறங்குவதற்கென்று பசியை மிச்சம் வையுங்கள். தலை சற்று உயர்ந்திருக்கட்டும். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்தோ, தூக்க மருந்தோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இரண்டு வயதுக்குள் குழந்தை மடியில்தான். அதற்கென்று தனிச் சின்னப் பெல்ட் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

அக்காவின் சர்க்கரை

அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. அவள் கவனிக்க வேண்டியது ஒரே விஷயம்: சாப்பாட்டு வேளை. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம், ஒரு மணி நேரம்தானே" என்று இருந்தால் மாலை நாலேகால் ஆகிவிடும். நடுவிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதனால் 12 மணிக்கு, விமானம் ஏறுமுன் தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நோட்டில் கோடு போட்டு எழுதினேன். கைப்பையில் பிஸ்கட்டும் குளுகோஸும். மாத்திரை, இன்சுலின் எதையும் பெரிய பெட்டியில் போடக் கூடாது. டாக்டர் சீட்டோடு கையில் இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடலாம். கூச்சப்படத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கையில் இருப்பது நல்லது. 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஏற்றிக்கொள்வதில்லை. இரட்டைக் குழந்தை, ரத்தப்போக்கு, ரத்தக் கொதிப்பு இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் டிக்கெட்.

காகித வேலை

கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிந்திருக்க வேண்டும். காதுகுத்துக்குப் பெயர் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டால் எல்லாம் தள்ளிப்போகும். சிறு பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதக் கெடு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்குள் நுழைய அனுமதி பற்றிய விதி அவ்வப்போது மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரியுங்கள். விமானம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதும் மாறக்கூடியதே. அப்பா கூட வராவிட்டால் அவர் சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள்.

நோட்டில் கடைசி வரி

2025 ஆகஸ்டில் ஒரு காலை, ஆவூரிலிருந்து மூன்று தலைமுறையும் புறப்பட்டது. நான் திருச்சி வரை கூடப் போனேன். 2024-ல் திறந்த புது முனையம் பெரிசு. உள்ளே நடப்பதற்கே நேரம் ஒதுக்க வேண்டும். அக்கா இந்தத் தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று கையை ஆட்டினாள்.

மாலையில் போன் வந்தது.

"பிளேன் அம்பது நிமிஷம் லேட்டுடி. தயிர் சாதம் சாப்பிட்டேன். புள்ள இறங்கும்போது பால் குடிச்சுக்கிட்டே தூங்கிருச்சு. நான்தான் காதைப் பொத்திக்கிட்டேன்!" என்று சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "அந்தம்மா எந்திரிக்க முடியாமக் கெடக்குது. புள்ளைய நெஞ்சு மேல வச்சோம். ஒண்ணுமே பேசல. உள்ளங்காலைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. நல்லவேளை வந்தோம்டி."

ஊர் திரும்பியதும் அக்கா அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னாள். என் கணக்குக்குக் கீழே, 'வீடு போய்ச் சேர்ந்தது – மணி 5.05' என்று தன் கோணல் எழுத்தில் குறித்திருந்தாள். அதற்கும் கீழே இன்னொரு வரி: 'அடுத்த தடவைக்குத் துணி இன்னும் ரெண்டு.'

அடுத்த தெருவில் ஒரு பெண் பிரசவத்துக்குப் பிறகு குழந்தையோடு சிங்கப்பூர் போகிறாளாம். நோட்டு இப்போது அந்த வீட்டில் இருக்கிறது.